எந்தக் கை உழைச்சதுன்னு எலும்பு சொல்லும்

இங்கிலாந்துல யார்க்‌ஷயர் பக்கம் வாரம் பெர்சின்னு ஒரு ஊர் இருந்தது. இருந்ததுன்னுதான் சொல்லணும். இப்போ அங்கே போனால் கூரை போன ஒரு பழைய தேவாலயமும், புல் மூடின மேடு பள்ளமும்தான் மிச்சம். பல நூறு வருஷம் நம்மளை மாதிரி வெள்ளாமை பண்ணிப் பிழைச்ச ஜனங்க குடியிருந்த ஊர். ஆட்டு ரோமத்துக்கு நல்ல விலை கிடைச்ச காலத்துல, பயிர் போடுறதைவிட ஆடு மேய்க்கிறதுதான் லாபம்னு நிலத்துக்குச் சொந்தக்காரங்க கணக்குப் போட்டாங்க. 1500-ஐ ஒட்டி, கடைசியா மிஞ்சியிருந்த குடும்பங்களையும் கிளப்பி விட்டாச்சு. விவசாயி கதை எந்தச் சீமையிலயும் இப்படித்தான் போல. அதை இன்னொரு நாள் பேசலாம்.

அந்த ஊரை மாரிஸ் பெரஸ்ஃபோர்ட், ஜான் ஹர்ஸ்ட்னு ரெண்டு பேர் முன்னால நின்னு 1950-லேர்ந்து 1990 வரைக்கும், கோடைக்குக் கோடை வந்து தோண்டினாங்க. நாற்பது வருஷம் ஒரே ஊரைத் தோண்டுறதுன்னா எவ்வளவு பொறுமை வேணும் பாருங்க. தேவாலயத்தைச் சுத்தியிருந்த இடுகாட்டிலேர்ந்து மட்டும் கிட்டத்தட்ட 700 பேரோட எலும்புக்கூடு கிடைச்சது. பெரும்பாலும் மண்ணுல உழைச்ச சாதாரணக் குடியானவங்க.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு கேட்பீங்க. நான் பத்தாவதோட நின்னவன். எங்க தெருப் பொண்ணு ஒண்ணு தொல்லியல் படிக்குது. என்னைப் பெரியப்பான்னு கூப்பிடும். லீவுக்கு வந்தா நம்ம திண்ணையிலதான் உட்காரும். நான் வைக்கோல் பிரி முறுக்கிக்கிட்டே கதை கேட்பேன். போன ஐப்பசியில விடாத அடைமழை. வயலுக்கும் போக முடியல. அப்போ அது சொன்ன கதைதான் இது. கேட்டதுலேர்ந்து நான் மண்வெட்டியைப் பிடிக்கிறப்பெல்லாம் என் கையை நானே பார்த்துக்கிறேன்.

அந்த 700 பேர்ல வளர்ந்த ஆட்களோட ரெண்டு கை எலும்பையும் அளந்தாங்களாம். ஜேம்ஸ் ஸ்டீல், சைமன் மேஸ்னு ரெண்டு ஆராய்ச்சிக்காரங்க 1995-ல அதை எழுதியிருக்காங்க. தோளிலேர்ந்து முழங்கை வரைக்கும் இருக்கிற எலும்பு, அப்புறம் முன்கையில கட்டைவிரல் பக்கமா ஓடுற எலும்பு, ரெண்டையும் கூட்டி வலது எவ்வளவு, இடது எவ்வளவுன்னு பார்த்தா, நூத்துக்கு சுமார் 80 பேருக்கு வலது கை நீளம். சுமார் 16 பேருக்கு இடது கை நீளம். மிச்சப் பேருக்கு ரெண்டும் சமம். வித்தியாசம் சில மில்லிமீட்டர்தான். உசிரோட இருக்கிறப்போ பொண்டாட்டிகூடக் கவனிச்சிருக்க மாட்டாள். ஆனா அளவுகோலுக்குத் தெரியுது.

இதுல என்னை உட்கார வெச்ச விஷயம் வேற. அதே இடுகாட்டுல கைக்குழந்தைங்க எலும்பும் நிறையக் கிடைச்சது. பாவம், அந்தக் காலத்துல பிள்ளை தங்குறதே அபூர்வம். அந்தப் பிள்ளைங்க எலும்புல இப்படி வலது பக்கச் சாய்வு இல்லை. வளர வளரத்தான் வருது. ஒரு பிள்ளை எந்தக் கை வாக்குங்கிறது பிறக்கிறப்பவே உள்ளே இருக்கலாம். ஆனா எலும்பு அதைப் பிறக்கிறப்போ எழுதிக்கிட்டு வர்றதில்லை. அந்தக் கை வேலை செய்யச் செய்யத்தான் எழுதிக்குது.

எலும்புன்னா செங்கல் மாதிரி, ஒரு தடவை கட்டினா கட்டினதுதான்னு நான் நினைச்சிருந்தேன். அப்படி இல்லையாம். எலும்புக்குள்ள கரைக்கிறதுக்குன்னு ஒரு வகை செல், கட்டுறதுக்குன்னு ஒரு வகை செல், ரெண்டும் ஆயுசு முழுக்க வேலை பார்க்குது. எந்தப் பக்கம் பாரம் அழுத்துதோ அந்தப் பக்கம் கூடக் கட்டும். பாரமே இல்லாத இடத்துலேர்ந்து கரைச்சு எடுத்துடும். வரப்புல எந்த இடத்துல தண்ணி முட்டுதோ அந்த இடத்துல நாம மண்ணு அணைக்கிறோம்ல, அதே கணக்கு. பெர்லின்ல இருந்த யூலியஸ் வோல்ஃப்னு ஒரு டாக்டர் 1892-லயே இதைப் புத்தகமாப் போட்டுட்டார்.

இதுக்கு நல்ல சாட்சி டென்னிஸ் ஆடுறவங்க. அவங்க ஒரே கையாலதான் வருஷக்கணக்கா அடிக்கிறாங்க, இன்னொரு கை சும்மா இருக்கு. ஒரே ஆள், ஒரே சாப்பாடு, ஒரே ரத்தம். ரெண்டு கையையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டா வேற சந்தேகமே வராது. 1977-ல அப்படிப் பார்த்ததுல, மட்டை பிடிக்கிற பக்கத்து மேல்கை எலும்போட சுவர் ஆம்பளைங்களுக்கு சுமார் 35 சதவீதமும் பொம்பளைங்களுக்கு சுமார் 28 சதவீதமும் கூடத் தடிமன். மூணுல ஒரு பங்கு! அப்புறம் 1995-ல பின்லாந்துல டென்னிஸ், ஸ்குவாஷ் ஆடுற பொம்பளைங்களைப் பார்த்தாங்க. வயசுக்கு வர்றதுக்கு முன்னாலயோ அந்தச் சமயத்துலயோ ஆட ஆரம்பிச்சவங்களுக்கு, பிற்பாடு ஆரம்பிச்சவங்களைவிட சுமார் 2 மடங்கு பலன் கிடைச்சிருக்கு.

இளம் எலும்பு ஈரக் களிமண், முத்தின எலும்பு காய்ஞ்ச பானை. நீளம் வளர்ற வயசோட முடிஞ்சு போயிடும். ஆனா தடிமன் விஷயத்துல அதுக்கப்புறமும் கொஞ்சம் இடம் இருக்கு. அதனால நீளம் பால்யத்தைப் பத்திச் சொல்லும், தடிமன்தான் மனுஷன் பிற்பாடு பட்ட பாட்டையும் சேர்த்துச் சொல்லும்னு அந்தப் பொண்ணு சொன்னது.

இப்போ நம்ம வேலையை எடுத்துக்குங்க. டவுன்ல இருக்கிறவங்களுக்காகச் சொல்றேன். வெளியிலேர்ந்து பார்த்தா வயல் வேலை ரெண்டு கை வேலை மாதிரி இருக்கும். நாத்து நடுறப்போ இடது கையில முடி இருக்கும், வலது கைதான் பிரிச்சு ஊன்றது. அறுப்புல இடது கை தாளைப் பிடிக்கும், வலது கை அரிவாளை இழுக்கும். முதுகுல மாட்டி மருந்தடிக்கிற மிஷின்ல இடது கைதான் பம்பு அடிக்கும், வலது கை குழாயைப் பிடிச்சுக்கிட்டுச் சும்மா ஆட்டிக்கிட்டு வரும். அன்னைக்கு ராத்திரி எனக்கு இடது தோள்தான் வலிக்கும். இப்படி ஒவ்வொரு வேலையும் ரெண்டு கைக்கும் வேற வேற கூலி போட்டுக்கிட்டே இருக்கு. முப்பத்தஞ்சு வருஷமா நான் பார்க்கிற வேலையை யாராவது என் எலும்பை எடுத்துப் பார்த்தா ஓரளவுக்குச் சொல்லிடலாம். நான் யாருக்கு ஓட்டுப் போட்டேன், எந்தச் சாமியைக் கும்பிட்டேன்னு சொல்ல முடியாது. மண்வெட்டி பிடிச்சவன்னு சொல்லலாம்.

இதைக் கேட்டதும் எனக்கு என் தங்கச்சி ஞாபகம்தான் வந்தது. அது பீச்சாங்கைக்காரி.

ஊர்ல அப்படித்தான் சொல்வாங்க. இன்னொரு கைக்கு சோத்தாங்கைன்னு மரியாதையான பேரு. இதுக்கு வெச்ச பேரைப் பாருங்க. சாப்பிடுறப்போ அம்மா அதோட இடது கையைத் துணியால இடுப்போட சேர்த்துக் கட்டி உட்கார வைக்கும். அம்மா மேல தப்பு சொல்ல மாட்டேன், போற வீட்டுல பேச்சு வாங்குமேன்னு பயம். பள்ளிக்கூடத்துல ஒரு வாத்தியார் இடது கையில பல்பம் பிடிச்சாலே முட்டியில மர ஸ்கேலால ஒரு போடு போடுவார். அஞ்சாவது முடிக்கிறதுக்குள்ள தங்கச்சி வலது கையால எழுதப் பழகிடுச்சு. கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். கணக்குல என்னைவிடக் கெட்டி, ஆனா எழுத முடியாததால மக்குன்னு பேரு வாங்கிடுச்சு. பதினோரு வயசுல அதுவே போக மாட்டேன்னு நின்னுடுச்சு. அம்மாகூடக் களையெடுக்க வயலுக்கு வந்துடுச்சு.

வயல்ல யாரும் கையைப் பார்க்கல. வேலை ஆனால் சரி. நடவுல முடியை வலது கையில வெச்சுக்கிட்டு இடது கையால ஊன்றப்போ மத்தவங்களைவிட ரெண்டடி முன்னால போகும். அறுப்புதான் கொஞ்சம் சிக்கல். கருக்கரிவாள்னா அதோட பல்லை ஒரு பக்கம் பார்த்துத்தான் வெட்டியிருப்பாங்க. வலது கைக்காரங்க இழுத்தா தாளைக் கவ்வும், இடது கையில பிடிச்சா வழுக்கும். ரெண்டு போகம் மணிக்கட்டை முறுக்கி முறுக்கிக் கஷ்டப்பட்டுச்சு. அப்புறம் எங்க பட்டறை ஆசாரி, ஒரு வார்த்தை கேட்காம, பல்லை மறுபக்கமா வெட்டி ஒண்ணு அடிச்சுக் கொடுத்தார். காசு வாங்கல, ஒரு மரக்கால் நெல்லு வாங்கிக்கிட்டார். வரிசையா நின்னு அறுக்கிறப்போ பக்கத்து ஆளு கையும் இது கையும் இடிச்சுக்கும்னு தங்கச்சியை எப்பவும் ஓரத்துலதான் நிறுத்துவாங்க. நாற்பது வருஷம் ஓரத்துலயே அறுத்துச்சு.

போன தை மாசம் வரப்புல வழுக்கி இடது தோள்பட்டையில அடி. டவுன்ல எலும்பு டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போனேன். ஒப்பிட்டுப் பார்க்கணும்னு அவர் ரெண்டு பக்கமும் படம் எடுக்கச் சொன்னார். விளக்குப் பலகையில மாட்டினதும் நான் அடிபட்ட இடத்தைப் பார்க்கல. மேல்கை எலும்போட ஓரத்துல ஓடுற வெள்ளைப் பட்டையைத்தான் பார்த்தேன். இடது பக்கம் தடிமனா இருந்தது. என் கண்ணுக்கே தெரிஞ்சது. டாக்டர்கிட்ட கேட்டேன். அவர் ரெண்டையும் மாத்தி மாத்திப் பார்த்துட்டு, “அம்மா, உங்களுக்கு இடது கை வாக்கா?”ன்னார்.

தங்கச்சி உடனே, “இல்லைங்கய்யா, சோத்தாங்கையாலதான் சாப்பிடுவேன், எழுதுவேன்”னுச்சு. அம்பது வயசு தாண்டியும் அந்த ஸ்கேலு பயம் போகல. நான்தான் ஆமாங்கன்னேன். எலும்பு உடையல, சவ்வு கிழிசல்தான்னு சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். பஸ்ஸுல வர்றப்போ நான் அந்த இங்கிலாந்து ஊர்க் கதையைச் சொன்னேன். ரொம்ப நேரம் சும்மா இருந்துட்டு, “அப்போ அவ்வளவு அடிச்சும் எலும்பு கேட்கலையாண்ணே?”ன்னுச்சு.

கேட்டிருக்கும்னுதான் நான் நினைக்கிறேன். எலும்புக்கு அடியும் தெரியாது, பிறவிக் குணமும் தெரியாது, வேலைதான் தெரியும். பள்ளிக்கூடத்துல பென்சிலைப் பிடிக்கிறதுக்கு என்ன பாரம்? அரிவாளுக்கும் களைக்கொத்துக்கும்தான் பாரம். ஒருவேளை வயல்லயும் யாராவது சோத்தாங்கையாலதான் அறுக்கணும்னு அடிச்சுப் பழக்கியிருந்தா, அந்தப் படத்துல வலது பக்கம்தான் தடிச்சிருக்கும். பிற்பாடு தோண்டிப் பார்க்கிறவன் இவ வலது கைக்காரின்னு எழுதிட்டுப் போயிருப்பான்.

கை வாக்கை எவ்வளவு பின்னால போய்ப் பார்த்திருக்காங்கன்னு கேட்டா அசந்துடுவீங்க. தான்சானியாவுல ஓல்டுவாய்ங்கிற இடத்துல 1995-ல ஒரு மேல்தாடை கிடைச்சது. 18 லட்சம் வருஷம் பழசு. கை எலும்பு இல்லை, பல்லு மட்டும்தான். ஆனா முன்பல்லுல சாய்வா கீறல் இருக்கு. வாழைநார் கிழிக்கிறப்போ நாம ஒரு நுனியைப் பல்லுல கடிச்சுக்குவோம்ல, அது மாதிரி கறித்துண்டை வாயில கவ்விக்கிட்டு, ஒரு கையால இழுத்துப் பிடிச்சு, இன்னொரு கையில இருக்கிற கல்லால அறுத்திருக்கான். கல்லு அப்பப்போ பல்லுல பட்டிருக்கு. கீறல் எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்குன்னு வெச்சு வலது கைக்காரனா இருக்கணும்னு டேவிட் ஃப்ரேயர்ங்கிறவரும் கூட்டாளிங்களும் 2016-ல சொன்னாங்க. குரோஷியாவுல க்ராபினாங்கிற இடத்துல கிடைச்ச நியாண்டர்தால் பல்லுலயும் இப்படித்தான், வலது கைக்காரங்கதான் அதிகம். இடது கைக்காரங்களும் உண்டு. எங்க தங்கச்சிக்கு அந்தக் காலத்துலயே ஜாதிசனம் இருந்திருக்கு.

இன்னொண்ணு மேரி ரோஸ்னு ஒரு போர்க்கப்பல். எட்டாம் ஹென்றி ராஜாவோடது. 1545 ஜூலையில மூழ்கினதை 1982-ல கடலிலேர்ந்து தூக்கினாங்க. உள்ளே 172 பெரிய வில்லு, ஆயிரக்கணக்கான அம்பு, அதோட ஆட்களோட எலும்பு. அந்த வில்லை இழுக்க ஐம்பது கிலோ மூட்டையைத் தூக்குற பலம் வேணும். நம்ம தோள்பட்டை எலும்போட நுனியில ஒரு துண்டு இருக்கு, இளவயசுல தனியா இருந்து இருபதை ஒட்டி ஒட்டிக்கும். இந்தக் கப்பல் ஆட்கள்ல வழக்கத்தைவிட நிறையப் பேருக்கு அது ஒட்டவே இல்லை. சின்னப் பையனா இருந்தப்பவே வில்லு இழுத்துப் பழகினதால ஒட்ட விடாம ஆட்டிக்கிட்டே இருந்திருக்கும்னு ஆன் ஸ்டர்லண்ட்ங்கிற அம்மா எழுதியிருக்காங்க. எந்த ராஜாவா இருந்தாலும் பிள்ளைங்க தோள்மேலதான் யுத்தம் நடத்தியிருக்காங்க.

எனக்கு யுத்தக் கதையைவிடப் பிடிச்சது மாவு அரைச்ச பொம்பளைங்க கதை. 2017-ல கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சிக்காரங்க, மத்திய ஐரோப்பாவுல விவசாயம் தொடங்கின காலத்துப் பொம்பளைங்களோட மேல்கை எலும்பையும், கேம்பிரிட்ஜ்ல இப்போ படகுப் போட்டியில துடுப்புப் போடுற பொண்ணுங்களோட எலும்பையும் ஒப்பிட்டாங்க. ஏழாயிரம் வருஷத்துக்கு முந்தின விவசாயப் பொம்பளை கை, உடம்பு அளவுக்கு ஏத்தபடி பார்த்தா 11-லேர்ந்து 16 சதவீதம் கூட வலுவு. காரணமா அவங்க முக்கியமா நினைக்கிறது தானியம் அரைக்கிற கல்லு. குழவியை ரெண்டு கையாலயும் தள்ளித் தள்ளி, நாள்பூரா. அப்படி ரெண்டு கையும் சேர்ந்து உழைக்கிறப்போ வலது இடது வித்தியாசம் குறைஞ்சு போயிடும். ஈட்டி எறிஞ்ச ஆம்பளைக்கு ஒரு கை பெருக்கும், அரைச்ச பொம்பளைக்கு ரெண்டு கையும் பெருக்கும்.

எங்கம்மா உலக்கை போடுறப்போ கை மாத்தி மாத்திப் போடும். வலது கை ஏறி இறங்கினா அடுத்தது இடது கை. அதுல ஒரு தாளம் இருக்கும். எதிர்ல இன்னொருத்தி நின்னா நாலு கை. ஊர்ல மில்லு வர்ற வரைக்கும் அம்மாவுக்கு அதுதான் விடியக்காலை வேலை. அம்மா எலும்புல எந்தக் கை வாக்குன்னு யாராலயும் கண்டுபிடிச்சிருக்க முடியாதுன்னு நினைக்கிறேன்.

எல்லாத்தையும் எலும்பு சொல்லிடும்னு மிதப்பா நம்பவும் கூடாது. கழுத்துப் பட்டை எலும்பு பெரும்பாலும் இடது பக்கம்தான் நீளம், வலது பக்கம் கட்டை. அதை மட்டும் பார்த்தா தப்பா முடிவு பண்ணுவோம். வயசானா தேயும், அடிபட்டா கோணும். ஒரே ஒரு எலும்புக்கூட்டைக் கையில வெச்சுக்கிட்டு இவன் இடது கைக்காரன்னு சத்தியம் பண்ண முடியாது, கூட்டமாப் பார்க்கிறப்போதான் கணக்கு பிடிபடும்னு அந்தப் பொண்ணு கறாராச் சொல்லிடுச்சு.

எங்க வகையறாவுல எரிக்கிறதுதான் வழக்கம். மறுநாள் பால் தெளிச்சு எலும்பு பொறுக்குவோம். அப்பாவுக்கு நான்தான் பொறுக்கினேன். நெருப்புல எலும்பு சுருங்கும், வெடிக்கும், வளையும். எது வலது, எது இடதுன்னு தெரியாம ஒரு சின்ன மண்கலயத்துல எல்லாம் அடங்கிடுச்சு. அறுபது வருஷம் மேழி பிடிச்ச கை. காவிரியில அப்போ முழங்கால் அளவு தண்ணிதான்.

தங்கச்சி பேத்திக்கு இப்போ நாலு வயசு. டவுன் பள்ளிக்கூடத்துல எல்.கே.ஜி. அதுக்கும் இடது கைதான் வாக்கு. ஆடி மாசம் டீச்சர், வீட்டுல கையை மாத்திப் பழக்குங்கன்னு டைரியில எழுதி அனுப்பியிருந்தாங்க. மருமகப்பொண்ணுக்கும் அதே எண்ணம், இப்போ மாத்தினா உண்டு, அப்புறம் கஷ்டம்னு. வீட்டுல எதுக்கும் வாய் திறக்காத தங்கச்சி, மறுநாள் காலையில என்னைக்கூடக் கூப்பிடாம, அந்த எக்ஸ்ரே கவரை மஞ்சப்பையில வெச்சுக்கிட்டு பஸ் ஏறிடுச்சு.

டீச்சர் சின்னப் பொண்ணாம். ஜன்னல் வெளிச்சத்துல படத்தை வெச்சு இது காட்டியிருக்கு. இந்தப் பக்கம் நான் அறுத்த கை, அந்தப் பக்கம் எனக்கு எழுதச் சொல்லிக் கொடுத்த கைன்னு. அந்தப் பொண்ணுக்கு என்ன புரிஞ்சதோ, படத்தை ரெண்டு தடவை வாங்கிப் பார்த்துட்டு, சரிங்கம்மா, பாப்பா எழுதுற கையிலயே எழுதட்டும்னு சொல்லியிருக்காங்க. பக்கத்துப் பிள்ளை முழங்கை இடிக்காம இருக்க பெஞ்சுல இடது ஓரத்துல உட்கார வைக்கிறேன்னும் சொன்னாங்களாம்.

“ஓரம்னா ஓரம்தாண்ணே, நல்லா வீசி எழுதலாம்”னு சொல்லிக்கிட்டே தங்கச்சி எக்ஸ்ரே கவரைத் திரும்பப் பரண்ல ஏத்தி வெச்சது. அடுத்த வாரம் சம்பா நாத்து பறிக்கணும், தோள் இன்னும் முழுசா தூக்க முடியல.